ஏழு கிளை, ஒரே குவெரி: ஒரே மாதிரியான தரவுத்தளங்களில் கேள்வியை ஒருமுறை மட்டும் எழுதுவது எப்படி

மருந்துக் கடையில் மாதம் தவறாமல் நடக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அடுத்த மூன்று மாதத்தில் எந்தெந்த பேட்ச் காலாவதியாகிறது என்று லிஸ்ட் எடுத்து, அந்தச் சரக்கை ரேக்கிலிருந்து எடுத்து, ஸ்டாக்கிஸ்ட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு கடைக் குழுமத்துக்கு ஏழு கிளைகள். கிளைக்கு ஒரு தரவுத்தளம். விலைக்கு வாங்கிய ஒன்றைத் தவிர, புதுக் கிளை திறக்கும்போதெல்லாம் பழைய கிளையின் தரவுத்தளத்தை நகலெடுத்து, தரவை மட்டும் துடைத்துவிட்டுக் கொடுத்தார்கள். எக்ஸ்பைரி லிஸ்ட் எடுக்கும் குவெரியும், அதாவது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் கட்டளையும், அந்த நகலோடு சேர்ந்து போனது.

ஒருநாள் நான்காவது கிளைக்கு ஒரு பெரியவர் மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. லிஸ்ட்டில் அந்த பேட்ச் வரவே இல்லை. தேடிப் பார்த்தால், அந்தக் கிளையில் காலாவதி நாள் தேதியாக இல்லை, "11/25" என்று எழுத்தாக இருந்தது. எழுத்தாக ஒப்பிட்டால் "11/25" என்பது "03/26" என்பதைவிடப் பெரியது. 2025 நவம்பர் 2026 மார்ச்சுக்குப் பிறகு வருவதாக குவெரி நினைத்துக்கொண்டது. இதில் என்னை மிகவும் உறுத்தியது வேறு விஷயம். இதே பிழையை ஒரு வருடம் முன்பே மூன்றாவது கிளையில் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தோம். திருத்தம் அந்த ஒரு நகலோடு நின்றுவிட்டது.

அதன் பிறகு ஏழு தரவுத்தளங்களுக்கும் ஒரே குவெரி என்ற நிலைக்கு வந்தோம். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை வைத்துச் சொல்கிறேன், ஆனால் யோசனை எஸ்க்யூஎல் என்ற கேள்வி மொழியில் இயங்கும் எந்தத் தரவுத்தளத்துக்கும் பொருந்தும். கடைக்குப் பதிலாகப் பள்ளி, கூட்டுறவுச் சங்கம், வாடிக்கையாளருக்கு ஒரு தரவுத்தளம் வைத்திருக்கும் மென்பொருள் என எதையும் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் மூன்றைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு குவெரிக்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, கேள்வி: 90 நாளுக்குள் காலாவதியாகும் பேட்ச்கள் எவை? இரண்டு, அந்த ஊர் வழக்கு: இங்கே டேபிளுக்கு என்ன பெயர், தேதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது, இருப்பை அட்டையில் எண்ணுகிறார்களா, மாத்திரையில் எண்ணுகிறார்களா? மூன்று, முகவரி: எந்த சர்வர், எந்தத் தரவுத்தளம்?

கேள்வி ஏழு கிளைக்கும் ஒன்றுதான். வழக்கும் முகவரியும்தான் மாறுகின்றன. மாறுகிற அந்த இரண்டையும் கேள்வியோடு சேர்த்து எழுதியதால்தான் நகலெடுக்கும் கட்டாயம் வந்தது. ஆகவே வழக்கை ஒரு மெல்லிய வியூவுக்குள் (சேமித்து வைத்த குவெரி, வெளியிலிருந்து டேபிள் போலவே தெரியும்) வைக்கிறோம், முகவரியை இணைப்புப் பட்டியலில் வைக்கிறோம், கேள்வியை ஒரே ஒரு கோப்பில் வைக்கிறோம். கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் செய்து முடிப்பதற்கான வேலைதான்.

படி 1: உண்மையில் எவ்வளவு ஒரே மாதிரி இருக்கின்றன?

"எல்லாம் ஒரே ஸ்கீமாதான்", அதாவது டேபிள்களின் அமைப்பு ஒன்றுதான், என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரே நாளில் பிறந்த தரவுத்தளங்கள்கூட இரண்டு வருடத்தில் விலகிவிடும். ஒரு கிளையில் அவசரத்துக்கு ஒரு நெடுவரிசை சேர்த்திருப்பார்கள், இன்னொன்றில் பெயர் மாற்றியிருப்பார்கள்.

கண்ணால் தேட வேண்டியதில்லை. இன்ஃபர்மேஷன் ஸ்கீமா என்ற பகுதியில் காலம்ஸ் என்றொரு வியூ இருக்கிறது. டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர், தரவு வகை எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு கிளையிலும் அதை ஒரே வரிசைமுறையில் எடுத்துக் கோப்பாகச் சேமியுங்கள். பிறகு முதல் கிளையின் கோப்போடு மற்றவற்றை டிஃப் (வேறுபாடு காட்டும் கருவி) போட்டுப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றிலும் இந்தப் பகுதி உண்டு. ஆரக்கிளில் இது கிடையாது, அதற்கு ஆல்_டேப்_காலம்ஸ் என்ற வியூவைப் பார்க்க வேண்டும். எஸ்க்யூலைட்டில் டேபிள்_இன்ஃபோ என்ற பிராக்மா கட்டளை.

இது பாதிதான். ஸ்கீமா ஒன்றாக இருந்து, உள்ளே இருக்கும் தரவின் பொருள் வேறாக இருக்கலாம். இதை எந்தக் கருவியும் காட்டாது. எங்கள் கிளைகளில் "இருப்பு" என்ற நெடுவரிசை எல்லா இடத்திலும் முழு எண்தான். ஆனால் ஐந்து கிளைகளில் அது மாத்திரை எண்ணிக்கை, இரண்டில் அட்டை எண்ணிக்கை. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கிளையில் உட்கார்ந்து பில் போடுகிறவரிடம் கேட்பது. தெரிந்த ஒரு மருந்தை எடுத்து, ரேக்கில் கையால் எண்ணிப் பார்த்து, தரவுத்தளத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். நான் ஏழு கிளைக்கும் நேரில் போனேன். இந்த முழு வேலையிலும் அதிகப் பலன் தந்தது அந்தப் பயணம்தான்.

குவெரிகளின் நகல்களையும் இதே போல ஒன்றுதிரட்டி ஒப்பிடுங்கள். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: கிளையின் வழக்கு, ஒரு இடத்தில் மட்டும் செய்த திருத்தம், அல்லது வெறும் தட்டச்சுப் பிழை. திருத்தங்கள்தான் புதையல். ஏதோ ஒரு கிளையில் யாரோ பட்டுத் தெரிந்துகொண்டது அது.

படி 2: ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதுங்கள்

உடனே வியூ எழுத உட்காராதீர்கள். கேள்விக்கு என்னென்ன வேண்டும் என்பதை முதலில் ஒரு பக்கத்தில் சாதாரண மொழியில் எழுதுங்கள். வியூ என்ன தர வேண்டும் என்று சொல்லும் அந்தப் பக்கம்தான் ஒப்பந்தம். எங்களுடையது இப்படி இருந்தது.

"இருப்பு" என்ற வியூவில் ஒரு வரிசை என்றால் ஒரு கிளையில் உள்ள ஒரு மருந்தின் ஒரு பேட்ச். அதில் மருந்துக் குறியீடு, குழுமம் முழுக்கப் பொதுவானது. பேட்ச் எண், எழுத்தாக, முன்பின் இடைவெளி இல்லாமல். காலாவதி நாள், தேதி வகையாக, மாதத்தின் கடைசி நாள். மாத்திரை எண்ணிக்கை, எப்போதும் தனி மாத்திரையில், ஒருபோதும் வெற்றாக இருக்கக் கூடாது.

இரண்டு இடங்களில் நிறுத்தி யோசிக்க வேண்டியிருந்தது. முதலாவது "மாதத்தின் கடைசி நாள்". மருந்து அட்டையில் மாதமும் வருடமும்தான் இருக்கும். நம் நாட்டு மருந்து விதிகளின்படி அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்தைப் பயன்படுத்தலாம். "03/26" என்ற எழுத்தை தேதியாக மாற்றும் டு_டேட் ஃபங்ஷனிடம் கொடுத்தால் போஸ்ட்கிரெஸ் 2026 மார்ச் 1 என்று தரும். அதோடு ஒரு மாதம் கூட்டி, ஒரு நாள் கழித்தால்தான் மார்ச் 31 கிடைக்கும். இந்தக் கணக்கு எங்கே இருக்க வேண்டும்? நான்காவதைப் போல எழுத்தாக வைத்திருக்கும் கிளையின் வியூவில் மட்டும். கேள்விக்கு இது தெரியவே கூடாது.

இரண்டாவது, மருந்துக் குறியீடு. ஒரு கிளையில் "பாராசிட்டமால் 500", இன்னொன்றில் "பாரா 500 மாத்". குறியீட்டு எண்களும் கிளைக்குக் கிளை வேறு. பெயரை வைத்து இணைக்கப் பார்த்தால் 500-ம் 650-ம் கலந்துவிடும் அபாயம் இருக்கிறது. மருந்து விஷயத்தில் அதைச் செய்யவே கூடாது. ஒவ்வொரு கிளையிலும் "மருந்து_ஒப்பு" என்று ஒரு சிறு டேபிள் வைத்தோம்: கிளையின் எண் ஒரு பக்கம், பொதுக் குறியீடு மறுபக்கம். இதை ஒரு மருந்தாளுநர் உட்கார்ந்து நிரப்பினார். கணினியை விட்டு ஊகிக்க வைக்கவில்லை.

படி 3: ஒவ்வொரு தரவுத்தளத்திலும் ஒரு மெல்லிய அடுக்கு

இப்போது ஏழு தரவுத்தளங்களிலும் "பொது" என்ற பெயரில் தனி ஸ்கீமா (இங்கே தரவுத்தளத்துக்குள் ஒரு தனி அறை மாதிரி) உருவாக்குங்கள். அதற்குள் வியூக்கள் மட்டும் இருக்கட்டும், டேபிள் எதுவும் வேண்டாம். வியூவின் பெயர், நெடுவரிசைகளின் பெயர், வகை, வரிசை எல்லாம் ஏழிலும் அச்சு அசலாக ஒன்று. உள்ளே இருக்கும் வரையறை மட்டும் கிளைக்கு ஏற்ப மாறும். முதல் கிளையில் அது நேராக டேபிளைக் காட்டும். நான்காவதில் எழுத்தைத் தேதியாக்கும். அட்டையில் எண்ணும் கிளைகளில், அட்டைக்கு எத்தனை மாத்திரையோ அந்த எண்ணால் பெருக்கும்.

பெருக்குங்கள், வகுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 25 மாத்திரையை அட்டைக்கு 10 என்று வகுத்தால் போஸ்ட்கிரெஸும் எஸ்க்யூஎல் சர்வரும் 2 என்று சொல்லும், ஏனென்றால் இரண்டும் முழு எண்கள். மைஎஸ்க்யூஎல்லும் ஆரக்கிளும் 2.5 என்று சொல்லும். ஒரே குவெரி, இரண்டு பதில், எங்கேயும் பிழைச் செய்தி வராது. அதனால் ஒப்பந்தத்தில் எப்போதும் மிகச் சிறிய அலகையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பு டேபிளோடு இணைக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். சாதாரண ஜாயின் போட்டால், பொதுக் குறியீடு இன்னும் கொடுக்கப்படாத புது மருந்துகள் சத்தமில்லாமல் லிஸ்ட்டிலிருந்து காணாமல் போகும். ஜோடி கிடைக்காத வரிசையையும் விடாத லெஃப்ட் ஜாயின் போட்டு, குறியீடு இல்லாத இடத்தில் "பொருத்தவில்லை" என்று வர வையுங்கள். லிஸ்ட்டில் அசிங்கமாகத்தான் தெரியும். தெரிய வேண்டும்.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், போஸ்ட்கிரெஸ் மேற்கோள் குறிகூடக் கேட்காது. ஆனால் பெயரின் நீளம் 63 பைட்டைத் தாண்டக் கூடாது. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், உயிர்மெய்யில் மெய்யும் குறியும் தனித்தனிக் கணக்கு. "காலாவதியாகும்_மருந்துகள்" என்று பெயர் வைத்தால் 70 பைட் ஆகிறது. போஸ்ட்கிரெஸ் ஒரு அறிவிப்பை மட்டும் காட்டிவிட்டு அதை "காலாவதியாகும்_மருந்து" என்று வெட்டிவிடும். பெயர் இன்னும் பொருளோடு இருப்பதால் வெட்டியதே கண்ணில் படாது. சுருக்கமான பெயராகவே வையுங்கள்.

அனுமதிக்கு வருவோம். லிஸ்ட் எடுப்பதற்கென்று தனியாக ஒரு பயனரை உருவாக்கி, "பொது" ஸ்கீமாவில் உள்ள வியூக்களைப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். போஸ்ட்கிரெஸில் வியூவானது தன் உரிமையாளரின் அனுமதியோடுதான் உள்ளே இருக்கும் டேபிள்களைப் படிக்கும். எனவே இந்தப் பயனருக்கு மூல டேபிள்களில் எந்த உரிமையும் தர வேண்டாம். தவறுதலாக ஏழு கிளையிலும் எதையாவது அழித்துவிடும் பயம் போய்விடும். ஒரே கட்டளை ஏழு இடத்தில் ஓடப்போகிறது என்றால் இந்தக் காப்பு கட்டாயம்.

வியூவை மாற்றும்போது கிரியேட் ஆர் ரீப்ளேஸ் வியூ என்ற கட்டளை கடைசியில் புது நெடுவரிசை சேர்க்க மட்டும் விடும். இருப்பதன் வகையை மாற்ற விடாது, நெடுவரிசையை நீக்கவும் விடாது. அதற்கு வியூவை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும். இரண்டையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (நடந்தால் முழுதாக நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது) வையுங்கள், போஸ்ட்கிரெஸ் அதற்கு இடம் தருகிறது. நடுவில் லிஸ்ட் எடுப்பவருக்கு வியூ இல்லை என்ற பிழை வராது. நீக்கி உருவாக்கினால் பழைய அனுமதிகள் போய்விடும் என்பதால், அனுமதி கொடுக்கும் வரியையும் அதே கோப்பில் எழுதுங்கள். மறுபக்கம், யாராவது மூல டேபிளில் ஒரு நெடுவரிசையின் வகையை மாற்ற முயன்றால், வியூ அதைச் சார்ந்திருப்பதால் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இது வாசலில் நிற்கும் காவல்காரர் போல.

படி 4: கேள்வியை ஒரே ஒரு கோப்பில் எழுதுங்கள்

இப்போது கேள்வி மிகச் சிறியதாகிவிடும். "பொது.இருப்பு" வியூவிலிருந்து, காலாவதி நாள் இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதிக்குள் இருப்பவை, மாத்திரை எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல், நாள் வரிசையில். அவ்வளவுதான். இது ஒரு கோப்பு, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் இருக்கும், ஏழு கிளைக்கும் இதுவே ஓடும்.

தேதிகளை வெளியிலிருந்து அளவுருவாகக் கொடுங்கள். குவெரிக்குள் "இன்றைய தேதி" என்று எழுத வேண்டாம். எங்கள் கிளை ஒன்று மருத்துவமனை வாசலில், 24 மணி நேரமும் திறந்திருக்கும். அதன் சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடியது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆகவே இரவு 12 முதல் காலை 5:30 வரை அந்த சர்வருக்கு இன்னும் நேற்றுதான். அந்த நேரத்தில் ஓடும் எந்தக் கணக்கும் ஒரு நாள் தள்ளிப்போகும். ஓட்டுகிறவர் ஒரே இடத்தில் தேதியைத் தீர்மானித்து ஏழுக்கும் அதையே அனுப்பினால் இந்தச் சிக்கலே வராது.

அளவுருவாக மதிப்புகளை மட்டும்தான் அனுப்ப முடியும். டேபிள் பெயரையோ ஸ்கீமா பெயரையோ அப்படி அனுப்ப முடியாது. அதனால்தான் பலர் "கிளை_" என்பதோடு எண்ணை ஒட்டி டேபிள் பெயரை உருவாக்கி, குவெரியை எழுத்துச் சரமாகக் கட்டுகிறார்கள். இதிலிருந்துதான் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷனுக்கு, அதாவது வெளியாள் தன் கட்டளையைக் குவெரிக்குள் நுழைப்பதற்கு, கதவு திறக்கிறது. நம் முறையில் பெயர்கள் எல்லா இடத்திலும் ஒன்றே, மாறுவது இணைப்பு மட்டும். ஆகவே சரம் ஒட்டும் வேலையே இல்லை. வேறு வழியின்றிப் பெயரை ஒட்டியே ஆக வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸில் ஃபார்மட் ஃபங்ஷனின் சதவீதம்-ஐ (%I) குறியையும், எஸ்க்யூஎல் சர்வரில் கோட்நேம் ஃபங்ஷனையும் பயன்படுத்துங்கள்.

குவெரியைக் கோப்பாக வைப்பதா, ஃபங்ஷனாகத் தரவுத்தளத்துக்குள் வைப்பதா? நான் கோப்பின் பக்கம். ஃபங்ஷனாக வைத்தால் மறுபடி ஏழு நகல் ஆகிவிடுகிறது. பல மென்பொருள்கள் ஒரே கேள்வியைக் கேட்கின்றன, ஃபங்ஷன் வேண்டியே இருக்கிறது என்றால், அவற்றை ஒரு போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷனாக (கூடுதல் தொகுப்பாக) கட்டுங்கள். அதற்குப் பதிப்பு எண் உண்டு, எந்தக் கிளையில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று கேட்டால் சொல்லும். புதுத் தரவுத்தளங்களுக்கு வார்ப்பாக இருக்கும் டெம்ப்ளேட்1 தரவுத்தளத்தில் ஃபங்ஷனைப் போட்டால் எல்லாவற்றுக்கும் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது. அதன் பிறகு புதிதாக உருவாகும் தரவுத்தளங்களுக்கு மட்டும்தான் போகும்.

கிளைக்கு ஒரு தரவுத்தளம் என்றில்லாமல் ஒரே தரவுத்தளத்துக்குள் கிளைக்கு ஒரு ஸ்கீமா என்று வைத்திருப்பவர்கள், இணைப்புக்குப் பதில் சர்ச் பாத்தை (டேபிளை எந்த ஸ்கீமாவில் தேடுவது என்ற அமைப்பை) மாற்றுவார்கள். நடுவில், இணைப்புகளைப் பலருக்குப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் டிரான்சாக்ஷன் முறையில் இருந்தால் ஜாக்கிரதை: ஒருவர் மாற்றிவைத்த சர்ச் பாத் அடுத்து அதே இணைப்பைப் பெறுபவருக்கும் தொடரும், ஒரு கிளையின் கணக்கு இன்னொருவருக்குத் தெரியும். டிரான்சாக்ஷனுக்குள், அதோடு முடிந்துபோகும் செட் லோக்கல் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

படி 5: ஏழையும் சுற்றி வாருங்கள், யார் வரவில்லை என்பதையும் சொல்லுங்கள்

இணைப்பு விவரங்களை போஸ்ட்கிரெஸின் சர்வீஸ் ஃபைலில் கிளைக்கு ஒரு பெயராக எழுதுங்கள். கடவுச்சொல்லைத் தனியாக பிஜிபாஸ் கோப்பில் வைத்து, அதன் அனுமதியை 0600 ஆக்குங்கள். லினக்ஸில் அதைவிடத் தளர்வாக இருந்தால் அந்தக் கோப்பை போஸ்ட்கிரெஸ் பொருட்படுத்தாது. பிறகு ஒரு சிறு ஸ்கிரிப்ட்: பட்டியலில் உள்ள ஒவ்வொரு கிளைக்கும் இணை, ஒரே கோப்பை ஓட்டு, விடையோடு கிளையின் பெயரை ஒரு நெடுவரிசையாகச் சேர்.

போஸ்ட்கிரெஸின் பிஎஸ்க்யூஎல் கருவி ஒரு கோப்பை ஓட்டும்போது இடையில் பிழை வந்தாலும் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். அதுதான் அதன் இயல்பு. ஆன்_எரர்_ஸ்டாப் என்ற மாறியைப் போட்டால்தான் நிற்கும். இதை மறக்காதீர்கள்.

இன்னொரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஆறு கிளை பதில் சொல்லி, ஒன்றில் கரண்ட் போய்விட்டால், விடை எப்படி இருக்க வேண்டும்? வெறுமனே ஆறு கிளையின் லிஸ்ட்டை நீட்டினால், ஏழாவதில் காலாவதிச் சரக்கே இல்லை என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். எனவே விடையின் முதல் வரியிலேயே "7-இல் 6 கிளை. வராதது: பேருந்து நிலையக் கிளை" என்று எழுத வையுங்கள். பதில் வந்தும் ஒரு வரிசைகூட இல்லாத கிளைக்கும், பதிலே வராத கிளைக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

படி 6: எல்லாக் கிளையும் ஒரே விடையில் வேண்டுமென்றால்

ஒரு கிளையில் தேங்கிக் கிடக்கும் மருந்து இன்னொரு கிளையில் தீர்ந்துபோயிருக்கிறதா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு கிளையாகச் சுற்றி வந்தால் போதாது, ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் இரண்டிலும் ஒரே சர்வரில் உள்ள இன்னொரு தரவுத்தளத்தின் டேபிளைப் பெயருக்கு முன்னால் தரவுத்தளத்தின் பெயரைச் சேர்த்து நேராகவே கேட்கலாம். போஸ்ட்கிரெஸ் அதற்கு விடாது. அங்கே போஸ்ட்கிரெஸ்_எஃப்டிடபிள்யூ என்ற எக்ஸ்டென்ஷன் வேண்டும்.

மையத்தில் ஒரு தரவுத்தளம் வைத்து, ஒவ்வொரு கிளையையும் ஒரு ஃபாரின் சர்வராகப் பதியுங்கள். பிறகு இம்போர்ட் ஃபாரின் ஸ்கீமா என்ற ஒரே கட்டளையில் அந்தக் கிளையின் "பொது" ஸ்கீமாவை மையத்தில் "கிளை1", "கிளை2" என்று இறக்கிக்கொள்ளலாம். 9.5 பதிப்பிலிருந்து இந்தக் கட்டளை உண்டு. படி 3-இல் செய்த வேலைக்குப் பலன் இங்கேதான் முழுதாகத் தெரியும். ஏழும் அச்சு அசலாக ஒன்று என்பதால், ஏழையும் சேர்க்கும் வியூவை யோசிக்காமல் எழுதலாம். யூனியன் ஆல் போடுங்கள், வெறும் யூனியன் வேண்டாம். வெறும் யூனியன் ஒரே மாதிரியான வரிசைகளை ஒன்றாக்கிவிடும். கிளைப் பெயரைச் சேர்க்க மறந்திருந்தால், இரண்டு கிளையில் ஒரே பேட்ச் ஒரே எண்ணிக்கையில் இருக்கும்போது ஒன்று மறைந்துவிடும்.

வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிபந்தனையைக் கிளை சர்வரிலேயே சரிபார்த்து, தேவையான வரிசைகளை மட்டும் வாங்கி வருவதுதான் நல்லது. போஸ்ட்கிரெஸ் முடிந்தவரை அப்படித்தான் செய்யும். ஆனால் குவெரியில் "இன்றைய தேதி" என்ற ஃபங்ஷன் இருந்தால் அந்த நிபந்தனையை அங்கே அனுப்பாது. முழு டேபிளையும் இழுத்து வந்து இங்கே வடிகட்டும். தேதியை அளவுருவாகக் கொடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் வெர்போஸ் போட்டால் "ரிமோட் எஸ்க்யூஎல்" என்று ஒரு வரி வரும். கிளைக்கு உண்மையில் என்ன குவெரி போகிறது என்பது அதில் அப்படியே இருக்கும். உங்கள் தேதி நிபந்தனை அந்த வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். கிளைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே நேரத்தில் கேட்க, 14-ஆம் பதிப்பில் அசிங்க்_கேப்பபிள் என்ற தெரிவு வந்தது. தானாக இயங்காது, நாம்தான் போட வேண்டும்.

கிளைகளின் இணையம் அடிக்கடி விழும் என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள். ஒரு கிளை விழுந்தாலும் மொத்தக் குவெரியும் பிழையோடு நின்றுவிடும். இரவில் படி 5 முறையில் ஒவ்வொரு கிளையிலிருந்தும் விடையை இழுத்து மையத்தில் சேமித்து, காலையில் அதன்மேல் கேளுங்கள். நாங்கள் கடைசியில் அப்படித்தான் செய்தோம்.

ஒரு கிளை மட்டும் வேறு தரவுத்தளமாக இருந்தால்

விலைக்கு வாங்கிய ஆறாவது கிளையில் மைஎஸ்க்யூஎல் இருந்தது. முறை மாறவில்லை, வியூ கொஞ்சம் அதிகமாக உழைக்க வேண்டியிருந்தது. இரண்டு செங்குத்துக் கோடுகள் போஸ்ட்கிரெஸில் எழுத்துகளை ஒட்டும், மைஎஸ்க்யூஎல்லில் சாதாரண அமைப்பில் அது "அல்லது". கான்கேட் ஃபங்ஷன் இரண்டிலும் உண்டு, அதை எடுத்துக்கொள்ளுங்கள். வெற்று மதிப்புகள் ஏறுவரிசையில் போஸ்ட்கிரெஸில் கடைசியில் வரும், மைஎஸ்க்யூஎல்லில் முதலில் வரும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்தை மைஎஸ்க்யூஎல் பொதுவாக ஒன்றாகவே பார்க்கும், போஸ்ட்கிரெஸ் வேறாகப் பார்க்கும். பேட்ச் எண் ஒப்பிடும்போது இது கடிக்கும், எனவே வியூவிலேயே எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் ஸ்கீமாவும் தரவுத்தளமும் ஒன்றுதான், ஆகவே "பொது" அங்கே தனித் தரவுத்தளமாக இருக்கும். "பொது.இருப்பு" என்ற பெயர் அப்படியும் வேலை செய்யும்.

கேள்விக் கோப்பில் நுணுக்கமான ஃபங்ஷன் எதுவும் இருக்கக் கூடாது. அளவுருவான தேதிகளோடு ஒப்பீடு, கூட்டல், வரிசைப்படுத்தல், தொகுப்பு மட்டும். 90 நாளைக் கூட்டுவதுகூட ஸ்கிரிப்ட்டில் நடக்கட்டும்.

படி 7: சோதனை

பத்து வரிசை சோதனைத் தரவு போதும், ஆனால் தேர்ந்தெடுத்த பத்தாக இருக்க வேண்டும். இன்று காலாவதியாவது, பிப்ரவரி கடைசி நாளில் முடிவது, வருடம் மாறும் இடத்தில் இருப்பது, 25 மாத்திரை மிச்சம் இருப்பது, இருப்பு பூஜ்யம், பொதுக் குறியீடு இல்லாதது, பேட்ச் எண்ணில் இடைவெளி உள்ளது. இவற்றை அந்தந்தக் கிளையின் வழக்கப்படி மூல டேபிளில் போட்டு, கேள்வியை ஓட்டி, விடையைப் பார்த்துவிட்டு ரோல்பேக் செய்து பழையபடி ஆக்குங்கள். அட்டைக் கணக்குள்ள கிளையில் 25 மாத்திரையைப் போடவே முடியாது என்பதும் இந்தச் சோதனையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பிரித்து விற்ற அட்டைகளை அவர்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். இதை உயிரோடு ஓடும் தரவுத்தளத்தில் செய்யாமல் அதன் நகலில் செய்வது நல்லது.

கூடவே, படி 1-இல் செய்த இன்ஃபர்மேஷன் ஸ்கீமா ஒப்பீட்டை "பொது" ஸ்கீமாவுக்கு மட்டும் தினமும் ஓட்டுங்கள். எந்தக் கிளையிலாவது ஒரு நெடுவரிசை விலகினால் அன்றே தெரிந்துவிடும்.

படி 8: மாற்றம் வரும்போது

2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. குவெரிக்குள் 12 என்று எண்ணாக எழுதிவைத்திருந்தவர்கள் ஒவ்வொரு நகலாகத் தேடிப் போக வேண்டியிருந்தது. வெறுமனே 5 என்று மாற்றினால் பழைய பில்கள் தவறாகிவிடும், 21-ஆம் தேதி பில்லுக்கு 12-தான் சரி. வரி விகிதம் ஒரு டேபிளில், எந்தத் தேதி முதல் என்ற நெடுவரிசையோடு இருக்க வேண்டும். குவெரி பில் தேதியை வைத்து விகிதத்தை எடுத்துக்கொள்ளும். அரசு மறுபடி மாற்றினால் ஒரு வரிசை சேர்த்தால் போதும். மாறக்கூடிய எந்த எண்ணையும் குவெரிக்குள் விடாதீர்கள்.

ஒப்பந்தமே மாறும்போது எதை முதலில் செய்வது என்பது முக்கியம். முதலில் ஏழு கிளையிலும் வியூவின் கடைசியில் புது நெடுவரிசையைச் சேருங்கள். பழைய கேள்வி அதைக் கண்டுகொள்ளாது, நெடுவரிசைப் பெயர்களைச் சொல்லிக் கேட்டிருந்தால். நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் இழுத்திருந்தால் உடையும். ஏழும் முடிந்ததைச் சரிபார்த்த பிறகு கேள்வியை மாற்றுங்கள். பழைய நெடுவரிசையை அதன் பிறகு நீக்கலாம், அவசரமில்லை.

ஒருநாள் யாராவது கேள்விக் கோப்பில் "கிளை 3 என்றால் மட்டும்" என்று ஒரு நிபந்தனை எழுதிக்கொண்டு வருவார்கள். அவசரம் என்பார்கள், உண்மையாகவே அவசரமாகத்தான் இருக்கும். அதை மூன்றாம் கிளையின் வியூவுக்கு நகர்த்துங்கள். நகர்த்தவே முடியவில்லை என்றால் அந்தக் கிளை வேறு கேள்வி கேட்கிறது என்று பொருள். அதற்குத் தனிக் கோப்பு, தனிப் பெயர் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக்கியே தீர வேண்டும் என்றில்லை.

எட்டாவது கிளை

வெற்றுத் தரவுத்தளம் ஒன்றை வார்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: டேபிள்கள், "பொது" ஸ்கீமா, படிக்கும் அனுமதிகள், வரி விகித டேபிள் எல்லாம் அதில் இருக்கும், விற்பனைத் தரவு இருக்காது. கிரியேட் டேட்டாபேஸ் கட்டளையில் அதை டெம்ப்ளேட்டாகக் கொடுத்தால் புதுக் கிளை நிமிடத்தில் தயார். அந்த நேரத்தில் வார்ப்போடு வேறு யாரும் இணைந்திருக்கக் கூடாது, இருந்தால் போஸ்ட்கிரெஸ் மறுக்கும். அப்புறம் மருந்து ஒப்பு டேபிளை நிரப்பி, சோதனையை ஓட்டி, சர்வீஸ் ஃபைலில் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும். எங்களுக்கு எட்டாவது கிளை திறந்தபோது கேள்விக் கோப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மறுநாள் காலை லிஸ்ட்டின் முதல் வரியில் "8-இல் 8 கிளை" என்று வந்தது.